மூட்டையை எண்ணினால் விளைச்சல் தெரியுமா?

கேள்வி: பொன்னேரி பக்கம் மச்சானுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. போன நவரைப் பருவத்தில் ஏக்கருக்கு 22 மூட்டை நெல். இந்த நவரையில் ஒரு நுண்ணூட்டம் தெளித்தார், 27 மூட்டை. விற்ற கடைக்காரர் எல்லாம் அதனால்தான் என்கிறார். நம்பலாமா?
- வாசகர், கொடுங்கையூர்

பதில்: முதலில் மச்சானிடம் அது எந்த மூட்டை என்று கேளுங்கள். அரசு கொள்முதல் நிலையத்தில் சாக்குக்கு 40 கிலோ, வியாபாரிகள் பெரும்பாலும் 75 கிலோ கணக்கில் பேசுவார்கள். ஈரமும் உண்டு. கொள்முதலில் வழக்கமாக 17 சதவீதம் வரைதான் எடுப்பார்கள், அன்றைக்கே அடித்த நெல் அதைத் தாண்டியிருக்கும். தண்ணீரும் எடையில் சேர்ந்துவிடும்.

சரி, எடை சரியாகவே இருக்கட்டும். அப்போதும் ஒரு வயலை வைத்து முடிவு சொல்ல முடியாது. இதற்காகத்தான் ஊர் ஊராகப் பயிர் அறுவடை பரிசோதனை நடக்கிறது. வயலையும் அதில் அறுக்கும் இடத்தையும் குலுக்கல் மாதிரி எண் எடுத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் நம்மை விட்டால் கண் தானாகக் கதிர் தொங்கும் பக்கம்தான் போகும். பிறகு 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் மட்டும் அறுத்து, அடித்து, எடை போட்டு 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு. 12.5 கிலோ வந்தால் 5,000 கிலோ. வரிசைக்கு 20 செ.மீ. இடைவெளி என்றால் கயிற்றுக்குள் 25 வரிசை வரும், கயிறு கொஞ்சம் நகர்ந்து ஒரு வரிசை கூடுதலாக உள்ளே வந்தாலே 4 சதவீதம் 'கூடிவிடும்'! கடைக்காரர்கள் காட்டும் சில வெற்றிக்கதைகளில் கயிறு எங்கே விழுந்தது என்று எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

உங்கள் மச்சானுக்குக் கூடியது சுமார் 23 சதவீதம். அதே நவரையில் அந்தப் பிர்காவின் (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) சராசரி எவ்வளவு கூடியது என்று வேளாண்மை அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கேயும் 20 சதவீதம் என்றால் பாராட்டு மழைக்கும் கிணற்றுக்கும்தான் போக வேண்டும். அடுத்த நவரையில் அதே ரகத்தை ஒரே நாளில் நட்டு, ஒரு ஏக்கரில் மட்டும் தெளிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் மூன்று மூன்று இடத்தில் கயிறு போட்டுப் பார்த்துவிடலாம். சம்பா வேறு பருவம், அதோடு நவரையை ஒப்பிடவே கூடாது.

கேள்வி: சாட்டிலைட் இருக்கும்போது கயிறு எதற்கு?
- வாசகர், மாதவரம்

பதில்: எங்கே நெல், எப்போது நட்டார்கள் என்பதை மேகம் மூடிய ஐப்பசியிலும் ரேடார் சாட்டிலைட் நன்றாகவே காட்டும். ஆனால் கதிருக்குள் மணியா, பதரா என்று மேலிருந்து தெரியாது. சாட்டிலைட் கணக்கைச் சரிபார்க்கவும் கடைசியில் யாராவது கயிற்றோடு வயலில் இறங்கத்தான் வேண்டியிருக்கிறது.