லைட் அடித்துப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா?

வணக்கம் அம்மா. மகன் இங்கே சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) முடிக்கப் போகிறான், கணினிப் படிப்பு வேண்டாம், மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) ஆராய்ச்சிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் என எழுதியிருந்தீர்கள். தலைப்பில் இருப்பது நீங்கள் கேட்ட கேள்விதான்.

ஆமாம், லைட் அடித்துப் பார்ப்பதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. நையோபியம் என்ற உலோகத்தை 9.2 கெல்வினுக்கு (கிட்டத்தட்ட மைனஸ் 264 டிகிரி செல்சியஸ்) கீழே குளிரவைத்தால் மின்தடை மறைந்துவிடும். எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துவிடும். ஒரு ஜோடியைப் பிரிக்க ஆகும் குறைந்தபட்சச் செலவுதான் ஆற்றல் இடைவெளி. நையோபியத்தில் ஏறக்குறைய 3 மில்லி எலக்ட்ரான்வோல்ட் (மிகச் சிறிய ஆற்றல் அலகு). அதைவிட ஆற்றல் குறைந்த ஒளியை, போதிய குளிரில், உலோகம் அப்படியே திருப்பி அனுப்பும். கூடினால் கொஞ்சம் விழுங்கும். விழுங்கத் தொடங்கும் இடத்தைப் பிடித்தால் இடைவெளி கையில். 1950களிலேயே குளோவர், டிங்க்கம் என்ற இயற்பியலாளர்கள் மெல்லிய ஈய, வெள்ளீயப் படலங்களின் ஊடே அகச்சிவப்பைச் செலுத்தி இந்த இடைவெளியின் தடயத்தைக் கண்டார்கள்.

கஷ்டம் எங்கே என்றால், குளிர்விக்காத உலோகமே இந்த ஒளியில் 99 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மிச்சமுள்ள அந்த ஒரு விழுக்காட்டுக்குள்தான் தேட வேண்டும். குளிரில் ஆய்வுக்கு வைத்த உலோகத் துண்டு துளி நகர்ந்தாலும் அன்றைய உழைப்பு வீண். மதிப்பெண்ணை விடுங்கள், இந்தப் பொறுமை அவனுக்கு உண்டா?

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன்: ‘மீக்கடத்தி ஆய்வாளர் தேவை’ என்ற விளம்பரம் இங்கே அபூர்வம். ஆனால் இந்த ஒளியைப் பிரித்து அளக்கும் அகச்சிவப்பு நிறமாலைமானி, பகுதி மின்கடத்தி (சிப்) ஆலையிலும் உண்டு, மருந்து ஆலையிலும் உண்டு. மருத்துவமனைகளின் பெரும்பாலான எம்ஆர்ஐ கருவிகளுக்குள் இருப்பதே திரவ ஹீலியத்தில் குளிரும் மீக்கடத்திக் காந்தம்தான். வெற்றிடமும் கடுங்குளிரும் பழகிய கைக்கு குவாண்டம் ஆய்வகங்களிலும் இடமுண்டு.

எச்2 (தொடக்கக் கல்லூரியின் முழுநிலைப் பாடம்) இயற்பியல், எச்2 கணிதம் இரண்டையும் விடக்கூடாது. கட்டாயத் தேசிய சேவை இரண்டு ஆண்டு வீண் என்று கவலைப்படாதீர்கள், பையன்கள் எல்லாருக்கும் அதுதானே. கெண்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சிங்க்ரோட்ரான் ஒளிமூலத்தில் (எலக்ட்ரான்களை ஒரு வளையத்தில் சுழலவிட்டு ஒளி உண்டாக்கும் கருவி) அகச்சிவப்புக்கென்றே ஒரு கதிர்த்தடம், அதாவது ஒளியை ஆய்வு மேசைக்குக் கொண்டுவரும் பாதை, இருக்கிறது. அந்த வளையத்தில் எலக்ட்ரான்களை வளைத்துச் செலுத்துவதும் மீக்கடத்திக் காந்தங்களே. உபகாரச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒரு விடுமுறையாவது ஏதாவதோர் ஆய்வகத்தில் அவன் கழிக்கட்டும். அதற்கு ஈடான கட்டாயப் பணிக்காலம் பல ஆண்டு, அம்மா.

அடுத்த வாரம் இருவரும் வாருங்கள். அவனுடைய செய்முறைக் குறிப்பேட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரே அளவீட்டை அவனாக எத்தனை முறை திரும்ப எடுத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும்.