‘இயேசு தீர்க்கதரிசியா?’ என்று பையன் கேட்டால்

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். சபையின் ஞாயிறு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன், “அக்கா, என் கிளாஸ்ல ஒரு ஃப்ரெண்டு ‘ஈசா நபி’ன்னு சொல்றான். இயேசு தீர்க்கதரிசி மட்டும்தானாம். அப்படியா?” என்று கேட்டான். “இல்லப்பா, அவர் தீர்க்கதரிசி இல்லை, தேவனுடைய குமாரன்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரத்தைப் படித்தால், பேதுருவே அவரைத் தீர்க்கதரிசி என்கிறார். பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேனோ? இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, குமாரன் என்று சொன்னது சரி. ‘தீர்க்கதரிசி இல்லை’ என்றதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். “போன வாரம் அக்கா அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்” என்று பையனிடம் நேராகவே சொல்லலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது நல்ல பாடம்.

நம்மில் பலருக்கு வரும் குழப்பம்தான் இது. அதில் பாதி, சொல்லால் வருகிறது. தீர்க்கதரிசி என்றதும் வரப்போவதை முன்கூட்டியே சொல்பவர் என்று நினைத்துக்கொள்கிறோம். தீர்க்கதரிசிக்கு எபிரெயத்தில் வரும் ‘நாபி’ என்ற சொல்லின் பொருளை யாத்திராகமம் அழகாகக் காட்டுகிறது. மோசேக்குத் திக்குவாய். பார்வோனிடம் பேசப் பயப்படுகிறார். அண்ணன் ஆரோனைக் கூட அனுப்பும் கர்த்தர், “அவன் உனக்கு வாயாக இருப்பான்” என்கிறார் (4:16). அதே ஏற்பாட்டை 7:1இல் சொல்லும்போது, “ஆரோன் உன் தீர்க்கதரிசியாயிருப்பான்” என்கிறார். வாய், தீர்க்கதரிசி இரண்டும் ஒன்றுதான். அனுப்பினவருடைய பேச்சைத் தன் வாயால் பேசுகிறவர் தீர்க்கதரிசி. நாளைக்கு நடப்பதைச் சொல்வது அந்த வேலையில் ஒரு பகுதி, அவ்வளவே.

நம் கத்தோலிக்க உறவினர்கள் ‘இறைவாக்கினர்’ என்கிறார்கள். பொருளுக்கு அதுதான் இன்னும் கிட்டே வருகிறது. வகுப்பில் அதைக் கடன் வாங்கத் தயங்க வேண்டாம். உங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும் எழுதுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். கன்னடத்தில் ‘பிரவாதி’ என்ற ஒரே சொல் ஏசாயாவுக்கும் வரும், முகமது நபிக்கும் வரும். சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றுதான் என்று ஒரு பிள்ளை நினைப்பதில் தப்பில்லை.

சரி, மேசியா என்பவர் தீர்க்கதரிசியாக ஏன் இருக்க வேண்டும்? மேசியா என்றால் அபிஷேகம் பண்ணப்பட்டவர். கிறிஸ்து என்பது அதற்குக் கிரேக்கச் சொல். இஸ்ரவேலில் ராஜாவின் தலையில் எண்ணெய் ஊற்றினார்கள். சாமுவேல் தாவீதுக்குச் செய்தது அதுதான். ஆரோனுக்கு ஊற்றினார்கள், ஆசாரியனாக. எலிசாவைத் தீர்க்கதரிசியாக அபிஷேகம் பண்ணும்படி எலியாவுக்குக் கட்டளை வந்தது (1 இராஜாக்கள் 19:16). மூன்றுக்கும் அபிஷேகம் உண்டு. மூன்றும் இயேசுவிடம் வந்து சேர்ந்தன என்று சபை நெடுங்காலமாகவே சொல்லி வருகிறது. 4ஆம் நூற்றாண்டில் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு இதை எழுதியிருக்கிறார். 1559இல் ஜெனீவாவில் சீர்திருத்தவாதி கால்வின் இதை விரித்து எழுதினார். கத்தோலிக்க ஞானஸ்நானத்தில் குழந்தையின் உச்சியில் கிறிஸ்மா தைலம் பூசும் ஜெபத்திலும் கிறிஸ்து குரு, இறைவாக்கினர், அரசர் என்று வரும். சிவாஜிநகர் பசிலிக்காவில் உறவுக்காரக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போனால் கவனித்துக் கேளுங்கள்.

இனி பேதுரு. அப்போஸ்தலர் 3:22இல் அவர் எடுத்துச் சொல்வது உபாகமம் 18இல் உள்ள வாக்குத்தத்தம். “உன்னைப்போல ஒரு தீர்க்கதரிசியை” எழும்பப்பண்ணி, “என் வார்த்தைகளை அவர் வாயில் அருளுவேன்” என்று கர்த்தர் மோசேக்குச் சொன்னார். இங்கேயும் அதே வாய்! ஆனால் மோசேயைப்போல ஒருவர் அப்புறம் எழும்பவில்லை என்று உபாகமத்தின் கடைசி அதிகாரமே சொல்லி முடிக்கிறது. ஜனங்கள் காத்திருந்தார்கள். அதனால்தான் யோவான் ஸ்நானகனிடம் “நீர் தீர்க்கதரிசியானவரா” என்று கேட்கிறார்கள். வனாந்தரத்தில் மன்னா சாப்பிட்ட முன்னோரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேர் வயிறு நிறைந்ததைப் பார்த்ததும், வரவேண்டிய அந்தத் தீர்க்கதரிசி இவர்தான் என்று முடிவுகட்டினார்கள் (யோவான் 6:14). இயேசு ஒருபோதும் அந்தப் பெயரைத் தள்ளவில்லை. நாசரேத்தில் தன் ஊர்க்காரர்கள் தன்னை ஏற்காதபோது, தீர்க்கதரிசி ஒருவனும் தன் ஊரிலே அங்கீகரிக்கப்படமாட்டான் என்று தன்னையே வைத்துச் சொன்னார்.

அப்படியானால் மற்ற தீர்க்கதரிசிகளுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அவர் பேசும் விதத்தைப் பாருங்கள். ஏசாயாவும் எரேமியாவும் “கர்த்தர் சொல்லுகிறார்” என்று தொடங்குவார்கள். மலைப்பிரசங்கத்தில் இயேசு, “நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்” என்கிறார். தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பது ஒன்று, எழுதினவரே வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுவது வேறு. முற்காலத்தில் தீர்க்கதரிசிகள் மூலமாய்ப் பேசின தேவன், கடைசி நாட்களில் குமாரன் மூலமாய்ப் பேசினார் என்று எபிரெயர் நிருபம் தொடங்குகிறது. பிதாவின் மடியிலிருக்கிற குமாரனே அவரை வெளிப்படுத்தினார் என்கிறது யோவான் 1:18. குமாரனாக இருப்பதால்தான் அவருடைய தீர்க்கதரிசன ஊழியம் நிறைவானது. ஒன்றைச் சொன்னால் மற்றது போய்விடும் என்று நாம் பயப்பட வேண்டாம்.

இயேசுவின் ரூபம் மாறிப் பிரகாசித்த மறுரூப மலையில் இது ஒரே வரியில் வந்துவிடுகிறது. மோசேயும் எலியாவும் பக்கத்தில் நிற்க, மேகத்திலிருந்து சத்தம் வருகிறது: “இவர் என்னுடைய நேசகுமாரன், இவருக்குச் செவிகொடுங்கள்.” செவிகொடுங்கள் என்ற பாதி, மோசே தனக்குப் பின் வரும் தீர்க்கதரிசியைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. உபாகமம் 18:15ஐத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பையனின் நண்பன் விஷயம். அவனோடு வாதாடச் சொல்லி அனுப்பாதீர்கள். இஸ்லாமியர்கள் ஈசா நபியை மிகுந்த மரியாதையோடு நினைக்கிறவர்கள். குர்ஆனின் 4ஆம் சூரா 171ஆம் வசனம் அவரை மஸீஹ் (மேசியா) என்றும் இறைத்தூதர் என்றும் சொல்கிறது. இறைவனுக்கு மகன் உண்டு என்பதை அதே வசனம் மறுக்கவும் செய்கிறது. ‘தீர்க்கதரிசி’ வரைக்கும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்தே நடக்கலாம், ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் வழி பிரிகிறது. “ஆமாம், நாங்களும் அப்படித்தான் நம்புகிறோம், அதற்கு மேலும் நம்புகிறோம்” என்று அவன் சொன்னால் போதும், நட்பும் கெடாது. உபாகமம் 18 முகமது நபியைக் குறிக்கிறது என்று அவர்கள் நம்புவதுண்டு. அந்தப் பேச்சு என்றாவது வந்தால், அப்போஸ்தலர் 3இல் பேதுருவும் 7இல் ஸ்தேவானும் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

இந்த ஞாயிறு வகுப்புக்கு ஒரு யோசனை. முதலில் இரண்டு பிள்ளைகளை மோசேயும் ஆரோனுமாக நிறுத்துங்கள். மோசே காதில் சொல்லட்டும், ஆரோன் சத்தமாகச் சொல்லட்டும். தீர்க்கதரிசி யார் என்பது இரண்டு நிமிஷத்தில் விளங்கிவிடும். அப்புறம் லூக்கா 24ஐ எடுங்கள். எம்மாவுக்குப் போகும் வழியில் இரண்டு சீஷர்கள், கூட நடப்பவர் யார் என்று தெரியாமல் அவரிடமே, இயேசு “செய்கையிலும் வாக்கிலும் வல்லமையுள்ள தீர்க்கதரிசி” என்று சொல்கிறார்கள். அந்த 19ஆம் வசனத்தில் நிறுத்தி, “இவங்க சொன்னது சரியா, தப்பா?” என்று அந்தப் பையனையே கேளுங்கள். அவன் பதில் சொன்ன பிறகு, அப்பம் பிட்கும் இடம் வரைக்கும் மீதியை அவனே வாசிக்கட்டும்.