லையர்ஸ் டைஸில் என் பொய் மட்டும் ஏன் பிடிபடுகிறது?

கேள்வி: எனக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து லையர்ஸ் டைஸ் ஆடுவோம். ஆளுக்கு 5 டைஸ் (பகடை). ஸ்டீல் டம்ளரில் குலுக்கிக் கவிழ்த்து, அவரவர் டைஸை அவரவர் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேசையில் மொத்தம் நாலு டைஸிலாவது அஞ்சு விழுந்திருக்கிறது என்று நினைத்தால் 'நாலு அஞ்சு' என்று கேட்போம். அடுத்தவர் ஏற்றிக் கேட்கலாம், இல்லையென்றால் 'திற' சொல்லலாம். எண்ணிக்கையை ஏற்றலாம், அதே எண்ணிக்கையில் பெரிய எண்ணுக்கும் போகலாம். 1 விழுந்தால் அதை எந்த எண்ணாகவும் சேர்த்துக்கொள்ளலாம். திறந்து எண்ணும்போது தப்பானவர் ஒரு டைஸை இழப்பார். பணம் வைப்பதில்லை, தோற்றவர் டீயும் பழம்பொரியும் வாங்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் வாங்குகிறேன். உண்மையைக் கேட்டால் நம்புகிறார்கள், பொய் சொன்னால் உடனே திறக்கிறார்கள். பொய் சொல்லும்போது மட்டும் நான் மலையாளத்துக்கு மாறிவிடுவதாக ஒருவன் சொல்கிறான். முகத்தில் தெரியாமல் பொய் சொல்வது எப்படி?

பதில்: முகத்தைப் பிறகு பார்க்கலாம். 'உண்மையைக் கேட்டால் நம்புகிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கையில் இருப்பதைத்தான் நீங்கள் கேட்பீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துபோய்விட்டது. உங்கள் பக்கத்தில் இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்களிடம் இந்தப் பழக்கம் நிறைய உண்டு. அந்தச் சீட்டாட்டத்தில் கேட்ட பாயின்டை எடுத்துக் காட்டியாக வேண்டும், அதனால் கை பலமாக இருந்தால்தான் வாய் திறப்பார்கள். அதே பழக்கத்தில் இங்கே ஆடினால் வேறு வழியே இல்லாத கட்டத்தில்தான் பொய் வரும். கேள்வி ஏறி ஏறி உச்சிக்குப் போன பிறகு நல்ல நடிகர் சொன்னாலும் அடுத்தவர் திறக்கத்தான் செய்வார்.

பொய்யை முதல் கேள்வியிலேயே சொல்லுங்கள். அது எவ்வளவு மலிவு என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும்.

மேசையில் மொத்தம் 20 டைஸ். உங்களுடையது போக 15 மறைந்திருக்கின்றன. ஒரு டைஸில் அஞ்சு விழுந்தாலும் 1 விழுந்தாலும் அது அஞ்சுதான். ஆக, 6 பக்கத்தில் 2 பக்கம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. மறைந்திருக்கும் 15-இல் சராசரியாக 5 அஞ்சு இருக்கும். உங்கள் கையில் 2, 2, 3, 4, 6 என்று வைத்துக்கொள்வோம். அஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படியே துணிந்து 'நாலு அஞ்சு' என்று ஆரம்பிக்கிறீர்கள். சுத்தப் பொய். ஆனாலும் அந்தக் கேள்வி 100 தடவையில் 79 தடவை மெய்யாகவே நிற்கும். 'ஐந்து அஞ்சு' என்றால் 60, 'ஆறு அஞ்சு' என்றால் 38, 'ஏழு அஞ்சு' என்றால் வெறும் 20. இத்தனை நாளும் நீங்கள் பொய் சொல்லிவந்தது இந்தக் கடைசி இரண்டு படிகளில்தான் என்று நினைக்கிறேன்.

முதலிலேயே சொன்ன பொய்க்கு இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள் அஞ்சில் தொடங்கியதும் உங்களிடம் இரண்டு அஞ்சாவது இருக்கும் என்று மற்ற மூவரும் மனசுக்குள் கூட்டிக்கொள்கிறார்கள். தன்னிடம் இரண்டு வைத்திருப்பவர் ஆறுக்கு ஏற்றுவார், அதற்கடுத்தவர் ஏழுக்குப் போவார். கேள்வி சுற்றி உங்களிடம் வரும்போது, அந்த ஏழில் உங்கள் பங்கு பூஜ்யம் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்போது திறந்துவிடுங்கள். அவர்கள் கேட்டபடி கையில் கொஞ்சம் வைத்திருக்கிறார்கள் என்றே கொண்டாலும், இல்லாத உங்கள் இரண்டு அஞ்சின் மேல் கட்டிய கணக்கு அது. திறக்கக் கூடிய சாத்தியம் உங்களுக்கு இல்லாமல் போனால், அதாவது அவர்கள் ஏற்றிய கேள்வியை உங்களுக்கு முந்தியே யாராவது திறந்துவிட்டால், டைஸ் இழப்பது அவர்களில் ஒருவர்தான். ஒன்றே ஒன்று: உங்கள் பொய்யை நீங்களே மறுபடி ஏற்றாதீர்கள்.

உச்சியில் உண்மையைச் சொல்லுங்கள். கையில் நாலு ஆறு விழுந்திருக்கிறது என்றால் ஆறைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். மற்றவர்கள் அஞ்சிலேயே ஏறி 'ஏழு அஞ்சு' வரை வரட்டும். உங்கள் முறை வந்ததும் 'ஏழு ஆறு' என்று கேளுங்கள். மீதி 15-இல் மூன்று ஆறு இருந்தால் போதும், 100-க்கு 92 தடவை இருக்கும். உச்சியில் நீங்கள் சொன்னாலே பொய் என்று உங்கள் நண்பர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள் அல்லவா? இத்தனை நாள் உங்களுக்கு நஷ்டம் தந்த அந்தப் பெயர் இனி உங்களுக்காக வேலை செய்யட்டும். ஆனால் எப்போதும் இப்படியே ஆடினால் நாலைந்து வாரத்தில் இதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். இடையிடையே கையில் இருப்பதையே கேட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், உங்கள் கேள்வியை மற்ற மூவரும் நம்ப வேண்டியதில்லை. உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர் ஒருவர் திறக்காமல் இருந்தால் போதும். அவரைக் கவனியுங்கள். இந்தச் சுற்றில் அவரே வாய்விட்டுக் கேட்ட எண் எதுவோ, அதில் ஏற்றினால் அவர் திறக்கத் தயங்குவார். அவர் கையில் அந்த எண் இருக்கத்தான் அதிக வாய்ப்பு. அவர் தொடவே தொடாத எண்ணில் பொய் சொல்வதுதான் ஆபத்து.

நீங்கள் எப்போது திறப்பது? உங்களிடம் இருக்கும் எண்ணிக்கையோடு மறைந்த டைஸில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். அந்த எண்ணை முதலில் கேட்டவர் உங்களைப் போல ஆரம்பத்தில் பொய் சொல்லாதவர் என்றால் இன்னும் ஒன்று சேருங்கள். கேள்வி அதைவிட இரண்டு அதிகம் என்றால் யோசிக்காமல் திறக்கலாம். ஒன்றுதான் அதிகம் என்றால் ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெறுமனே பின்னால் ஏற்றிக்கொண்டு போனவர்களின் பேச்சுக்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை, அவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது.

சரி, இப்போது முகமும் மலையாளமும். உங்கள் நண்பர் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு மொழி கலந்து பேசும் மேசையில் இது நல்ல துப்பு. உண்மைக்கு 'ஆறு அஞ்சு' என்றும் பொய்க்கு 'ஆறெண்ணம் அஞ்சு' என்றும் வந்தால் எதிரே இருப்பவருக்கு டம்ளரைத் தூக்கிக் காட்டியது போலத்தான். எந்த மொழியானாலும் ஒரே வாசகத்தை வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் எண்ணிக்கை, பிறகு எண், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். உங்கள் முறை வருவதற்கு முன்பே என்ன கேட்பது என்று முடிவு செய்துவிடுங்கள், உண்மைக்கும் பொய்க்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் அப்போது ஒன்றாகிவிடும். டம்ளரை ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் போதும். பொய் சொல்லப் போகிறவர்கள்தான் இன்னொரு தடவை எட்டிப் பார்க்கிறார்கள்.

பந்தயம் பழம்பொரியோடு நிற்பது நல்லது. பணம் வைத்தால் 1960-ஆம் ஆண்டின் கேரள சூதாட்டச் சட்டம் குறுக்கே வரும் என்பது ஒரு பக்கம். தோற்றால் வலிக்கும் என்றானதும் யாரும் துணிந்து பொய் சொல்ல மாட்டார்கள், ஆட்டமே செத்துவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

டைஸ் குறையக் குறைய மேலே சொன்ன கணக்கு மாறும். கடைசியில் உங்களிடம் ஒரே டைஸ், அதில் ஆறு. எதிரில் ஒருவர் மட்டும், அவரிடம் 5 டைஸ். 'ரெண்டு ஆறு' 100-க்கு 87 தடவை நிற்கும், 'மூணு ஆறு' 54, 'நாலு ஆறு' 21. ஒவ்வொரு படிக்கும் முப்பதுக்கு மேல் சரிகிறது. அந்தக் கட்டத்தில் ஒரு படிகூட வீணாக ஏற்றாதீர்கள். ஒருவர் ஒற்றை டைஸுக்கு வந்த சுற்றில் 1-ஐ எந்த எண்ணாகவும் சேர்க்கக் கூடாது என்று சில குழுக்களில் விதி உண்டு. அப்படி ஆடினால் அந்த 87 சுமார் 60 ஆகிவிடும். உங்கள் மேசையில் அந்த விதி உண்டா இல்லையா என்பதை முதல் குலுக்கலுக்கு முன்பே நாலு பேரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.