வேட்டி வெள்ளை இல்லை: படத்தில் ஏறும் நிறம் பற்றி வாசகர் கேள்விகள்

முகூர்த்த மாதம் ஒன்று முடிந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி நிறத்தைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையின் வேட்டி வெள்ளைதானே என்று எடிட்டிங்கில் ஒயிட் பேலன்ஸ் ஐட்ராப்பரை (தொட்ட இடத்தை நிறச்சாயல் இல்லாததாகக் கொண்டு படம் முழுவதன் நிறத்தையும் சரிசெய்யும் கருவி) அதில் வைத்துத் தொட்டேன். படம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. ஏன் சார்?

புது வேட்டி நம் கண்ணுக்குத்தான் வெள்ளை. துணி பளிச்சென்று தெரிய வெண்மையூட்டி சேர்த்திருப்பார்கள். வீட்டில் துவைத்தால் சொட்டு நீலமும் சேரும். அந்த வெண்மையூட்டி வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியே விடும். ஐட்ராப்பர் அந்த நீலத்தைப் பார்த்து, அதைப் போக்குவதற்காகப் படம் மொத்தத்துக்கும் மஞ்சளை ஏற்றுகிறது. சந்தன நிறப் பட்டு வேட்டியில் தொட்டால் நேர்மாறாக நடக்கும், படம் நீலத்துக்குப் போய்விடும்.

18 சதவீதச் சாம்பல் அட்டை ஒன்றைப் பையில் வைத்திருங்கள். வெளிச்சம் மாறும் இடத்திலெல்லாம் மணமக்களின் முகத்தருகே அதைப் பிடித்து ஒரு படம் எடுத்து, பிறகு ஐட்ராப்பரை அந்த அட்டையில் தொட்டால் போதும். அட்டை இல்லாத நாட்களில், நெற்றியில் கெட்டியாகப் பூசிய விபூதிப் பட்டை எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. லேசாகப் பூசியிருந்தால் தோலின் நிறம் அடியில் தெரியும், அதில் தொடாதீர்கள்.

மண்டபத்தில் மேடைக்கு மஞ்சள் போகஸ் லைட், மேலே டியூப்லைட், பக்கத்தில் ஜன்னல். முகத்தைச் சரிசெய்தால் பின்னணி கெடுகிறது, பின்னணியைச் சரிசெய்தால் முகம் கெடுகிறது.

நம் ஊர் மண்டபங்களில் எல்லோரையும் படுத்தும் சிக்கல் இது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் சொல்வோம்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். குண்டு பல்பின் வெளிச்சம் 2,700 முதல் 3,000 கெல்வின், நண்பகல் வெயில் சுமார் 5,500, வெள்ளை டியூப்லைட் பெரும்பாலும் 6,500. மூன்றும் ஒரே முகத்தில் விழும்போது டெம்பரேச்சர் ஸ்லைடரை எங்கே வைத்தாலும் ஏதாவது ஒன்றுக்குத்தான் பொருந்தும். அதனால் எடிட்டிங்கைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே ஒரு விளக்கையாவது குறைக்கப் பாருங்கள். மண்டப மேலாளரிடம் பணிவாகக் கேட்டால், மேடைக்கு மேலே உள்ள டியூப்லைட்டைத் தாலி கட்டும் நேரத்துக்காவது அணைத்துத் தருவார். நீங்கள் ஃப்ளாஷ் போடுபவரானால் அதன் முகப்பில் ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டி, கேமராவை 3,200 கெல்வினில் வையுங்கள். ஃப்ளாஷும் போகஸ் லைட்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.

எடிட்டிங்கில் பலர் டெம்பரேச்சரை மட்டுமே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நீலம்–மஞ்சள் கணக்கு. டியூப்லைட் ஏற்றும் பச்சை, டின்ட் ஸ்லைடரில் மெஜந்தா பக்கம் தள்ளினால்தான் இறங்கும். நான் எடுத்த ஒரு வரவேற்பில் மணப்பெண்ணின் வலக் கன்னம் பச்சை, இடக் கன்னம் ஆரஞ்சு, மூக்குத்தண்டில் இரண்டும் சந்திக்கின்றன! டின்ட்டை முதலில் சரிசெய்த பிறகுதான் டெம்பரேச்சர் ஒரு நிலைக்கு வந்தது. அப்புறம் மீதியிருந்த ஆரஞ்சை மாஸ்க் போட்டு (அதாவது அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து) இடக் கன்னத்தில் மட்டும் குறைத்தேன். முகத்தை முதலில் முடியுங்கள், பின்னணியைத் தனி மாஸ்க்கில் பாருங்கள்.

ஆனால் குத்துவிளக்கில் கை வைக்காதீர்கள். அதன் சுடர் 2,000 கெல்வினை ஒட்டியது, மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். சுடரையும் வெள்ளையாக்கிய படங்களைப் பார்க்கும்போது எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். அந்த விடியற்காலையே படத்தில் இல்லாமல் போய்விடுகிறது.

நலங்குப் படங்களில் பூசிய மஞ்சள் வெளிறித் தெரிகிறது.

கேமரா நிறத்தைத் தானே கணித்துச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸின் வேலை அது. படம் நிறைய மஞ்சள் இருந்தால், வெளிச்சமே மஞ்சள் என்று நினைத்துக் குறைத்துவிடும். பகலில் திறந்த வெளியில் எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸை வெயில் சின்னத்தில் நிறுத்திவிடுங்கள். பச்சை வயல் நடுவே எடுக்கும் படங்களுக்கும் இதே மருந்துதான்.

மொபைலில் சரியாக இருந்த படங்கள், லேப்பில் பிரிண்ட் போட்டதும் நீலமாக வந்தன. லேப் மீது தப்பா?

இரவில் உட்கார்ந்து எடிட் செய்தீர்களா? கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி பல போன்களில் தானாகவே இயங்கும். திரையில் இருந்த மஞ்சளைப் படத்தில் இருப்பதாக எண்ணிக் குறைத்திருப்பீர்கள். அதை அணைத்துவிட்டு அதே படத்தைப் பகலில் திறந்து பாருங்கள். அப்போதும் சரியாகத் தெரிந்தால் லேப்பில் பேசலாம்.

1980களில் எடுத்த குடும்பப் படம் சிவந்துபோய்விட்டது. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். அக்காலத்துக் கலர் தாள்கள் பலவற்றில், பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் சயான் (பசுநீல) சாயம் முதலில் மங்கிவிடும். அது போனால் மிஞ்சுவது சிவப்பு. ஸ்கேனரில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16 பிட் (நிறத்தின் நுண்ணிய படிகளைக் காக்கும் அமைப்பு) வைத்து ஸ்கேன் செய்யுங்கள், அந்த மூலக் கோப்பைத் தொடாமல் பிரதியில் வேலை செய்யுங்கள். எடிட்டிங் மென்பொருளில் இருளையும் வெளிச்சத்தையும் வரைபடமாகக் காட்டும் லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத் திறந்தால், சிவப்பின் வரைபடம் மட்டும் வலது பக்கம் ஒதுங்கியிருக்கும். அதன் கறுப்பு முனையை வரைபடம் தொடங்கும் இடம்வரை நகர்த்துங்கள். முக்கால்வாசிச் சிவப்பு அங்கேயே இறங்கிவிடும்.

மிச்சத்தைக் கண்ணால்தான் முடிக்க வேண்டும். படத்தில் பாட்டி கட்டியிருக்கும் சேலை அரக்கா, கத்தரிப்பூ நிறமா என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அன்று உடனிருந்த அத்தையோ சித்தியோ இருந்தால், படத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.