ஓட்ட நேரம் சரி, பாடக்கணக்கு சரியா?

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி நன்றாக 400 மீட்டர் ஓடுகிறாள். கறுப்பினக் குடும்பம், அந்த வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இவள்தான். எச்.பி.சி.யூ. எனப்படும் கறுப்பினக் கல்லூரியில்தான் படிப்பேன், அங்கேயே ஓடவும் வேண்டும் என்கிறாள். அவளும் அவள் அம்மாவும் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவளுடைய டிரான்ஸ்கிரிப்டிலிருந்து, அதாவது பள்ளியின் பாட, கிரேடு பதிவிலிருந்து. ஓட்ட நேரத்தை அடுத்த சீசனில்கூட மேம்படுத்தலாம்; பதினோராம் வகுப்பு முடிந்த பிறகு பாடக்கணக்கைத் திருத்துவது கடினம்.

கல்லூரிப் போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ., டிவிஷன் எனப்படும் போட்டி நிலைகளில் முதல் இரண்டிலும் 16 கோர் பாடங்களை, அதாவது கட்டாய அடிப்படைப் பாடங்களைக் கேட்கிறது. டிவிஷன் ஒன்றில் ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, சமூக அறிவியல் 2, இந்த முதல் மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, மீதி 4 இதே பாடங்களிலோ பிறமொழி போன்றவற்றிலோ. அந்த 16-இன் சராசரி 2.3 வேண்டும்; டிவிஷன் இரண்டில் 2.2. எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்ணைத் தகுதிக்குக் கேட்பதை 2023-இல் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் கணக்கு ஆசிரியை என்பதால் இதை அவளோடு உட்கார்ந்தே போட்டுப் பார்க்கலாம். ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2. பதினாறும் சி என்றால் 32 புள்ளி. 2.3-க்கு 36.8 தேவை. அதாவது ஐந்து பாடங்களை பி-க்கு உயர்த்தினால் 37 வந்துவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் வேறு. டிவிஷன் ஒன்றுக்கு, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் 10 கோர் பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். அவற்றில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். அதோடு அந்தப் பத்தின் கிரேடு பூட்டப்பட்டுவிடும். பிறகு திரும்ப எழுதி உயர்த்தினாலும் எண்ணமாட்டார்கள். ஆகவே அந்தப் பத்தின் கிரேடைத் தேற்ற இந்தக் கோடை விடுமுறைதான் கடைசி வாய்ப்பு. இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு: விட்டுப்போன பாடத்தை வேகமாக முடித்துக்கொடுக்கும் ஆன்லைன் கிரெடிட் ரிகவரி வகுப்புகள் பல, பள்ளிப் படிப்பை முடிக்கப் போதும், என்.சி.ஏ.ஏ.வுக்குப் போதாது. பணம் கட்டுமுன், அந்த வகுப்பை நடத்தும் பள்ளியின் குறியீட்டு எண்ணைப் போட்டு, என்.சி.ஏ.ஏ. தளத்தில் அந்தப் பாடம் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஒரு சொல் மாறியிருந்தாலும் பள்ளியின் கல்வி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

சராசரி 2.0-க்கும் 2.3-க்கும் நடுவில் நின்றுவிட்டால் டிவிஷன் ஒன்றில் உதவித்தொகை பெறலாம், முதல் பருவத்தில் பயிற்சியும் செய்யலாம்; ஆனால் முதல் ஆண்டில் போட்டியில் இறங்க முடியாது.

அடுத்து, கல்லூரி. பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரி பெரிய பெயர்தான், 2013-இலேயே என்.சி.ஏ.ஏ. போட்டிகளிலிருந்து விலகிவிட்டது. ஓட வேண்டும் என்பவளுக்கு அது பொருந்தாது. ஜார்ஜியாவிலேயே ஆல்பனி ஸ்டேட், ஃபோர்ட் வேலி ஸ்டேட், சவானா ஸ்டேட் என மூன்று அரசுக் கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மூன்றும் டிவிஷன் இரண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற ஆலிஸ் கோச்மன், ஆல்பனி ஸ்டேட்டில் பட்டம் பெற்றவர். வெளிமாநிலம் என்றால் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டி ஸ்டேட், ஃபேயட்வில் ஸ்டேட் இரண்டையும் பாருங்கள். அந்த மாநிலத்தின் சலுகைத் திட்டத்தில், வெளிமாநில மாணவருக்கும் கல்விக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 2,500 டாலர்தான்.

பயிற்சியாளருக்கு அவளே மின்னஞ்சல் எழுதட்டும், அம்மா வேண்டாம். பள்ளி முடிக்கும் ஆண்டு, 400 மீட்டர் சிறந்த நேரம், போட்டியின் பெயர், கோர் சராசரி, முடிவுகள் உள்ள இணைப்பு என ஐந்தாறு வரி போதும். நேரம் மின்கருவியில் எடுத்ததா, கைக்கடிகாரத்தில் எடுத்ததா என்று சொல்லியே ஆக வேண்டும். கைநேரத்தோடு 400 மீட்டருக்கு 0.14 வினாடி கூட்டித்தான் பயிற்சியாளர் கணக்கிடுவார், மறைத்தால் தெரிந்துவிடும். 4x400 ரிலேயில் அவள் ஓடிய சுற்றின் நேரத்தையும் சேருங்கள். 400 மீட்டர் தடை ஓட்டம் பழகியிருந்தால் மதிப்பு கூடும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். டிவிஷன் இரண்டில் ஒரு பெண்கள் தடகள அணிக்கு மொத்தமே 12.6 முழு உதவித்தொகைதான். அதைத்தான் அணி முழுக்கப் பங்கிடுவார்கள். "ஸ்காலர்ஷிப் தருகிறோம்" என்ற வாய்வார்த்தைக்கு எந்த பலமும் இல்லை. எவ்வளவு டாலர், எத்தனை ஆண்டு, விடுதியும் உணவும் அதில் சேருமா என எழுத்தில் கேளுங்கள். கல்லூரியில் சேர்வதாக வீரர்கள் கையெழுத்திட்ட என்.எல்.ஐ. என்ற பழைய ஒப்பந்தம் 2024-இல் ஒழிந்துவிட்டது. கல்லூரியின் உதவித்தொகை ஒப்பந்தமே இப்போது ஆதாரம். ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகைக்கு, மாநிலம் கணக்கிடும் 3.0 சராசரி வேண்டும். அது கிடைக்கும் மாணவிக்குப் பயிற்சியாளர் தரும் சிறு தொகையும் தாங்கும். இதைப் பயிற்சியாளரிடம் சொல்லவே வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஃபாஃப்சா, அதாவது மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பம், அக்டோபர் 1 வாக்கில் திறக்கும். மாணவி, அம்மா இருவருக்கும் தனித்தனி இணையக் கணக்கு தேவை. முந்தைய மாதமே தொடங்கிவிடுங்கள். மீதியை, மத்திய அரசு பெற்றோருக்குத் தரும் பிளஸ் கடனில் சமாளிக்கலாம் என்று நினைத்தால், 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வந்திருப்பதையும் கணக்கில் வைக்கவும். கட்டண நிலுவை இருந்தால், பதிவு செய்த வகுப்புகளையே கல்லூரி ரத்துசெய்துவிடும். கட்டணப் பட்டியல் கோடையில் மின்னஞ்சலில்தான் வரும். கல்லூரி தரும் முகவரியை அவள் தினமும் திறந்து பார்க்கப் பழக வேண்டும்.

உடல்நலத்தில் ஒன்று. அரிவாள் செல் மரபுக்கூறு (சிவப்பணுவின் வடிவத்தைப் பாதிக்கக்கூடிய, பரம்பரையாக வரும் கூறு) இருக்கிறதா என்ற சோதனை முடிவை என்.சி.ஏ.ஏ. கேட்கும். அமெரிக்காவில் பிறந்தவள் என்றால் பிறந்தவுடன் எடுத்த குதிகால் ரத்தச் சோதனையிலேயே பதிவாகியிருக்கும். குழந்தை மருத்துவரிடம் இப்போதே நகல் வாங்கச் சொல்லுங்கள். மரபுக்கூறு இருந்தாலும் ஓடத் தடையில்லை. ஆனால் வெயிலில் இடைவெளி இல்லாமல் 400 மீட்டர்களைத் திரும்பத் திரும்ப ஓடும்போது, சிவப்பணுக்கள் வளைந்து தசைக்கு ரத்தம் தடைப்படலாம். சுற்றுகளுக்கு நடுவே நீண்ட ஓய்வு, தண்ணீர், கால் தசை வலுவிழந்தால் அந்த நொடியே நிறுத்துவது என்ற மூன்றையும் புதிய பயிற்சியாளருக்கு முதல் வாரமே தெரிவித்துவிட வேண்டும்.