ஓடிடி சந்தாக்கள்: எதை வைப்பது, எதை நிறுத்துவது?

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தளத்தில் சந்தா கட்டினால் வேண்டியதெல்லாம் கிடைத்தது. இப்போது ஐந்து தளங்களில் கட்டியும் தேடிய படம் ஆறாவதில் இருக்கிறது. ஏன் இப்படி ஆயிற்று?

பதில்: நெட்பிளிக்ஸ் 2007இல் இணையவழி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, படத் தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் பழைய படங்களை அதற்கு உரிமம் கொடுத்து, அதை உபரி வருமானமாகவே கருதின. அந்த உபரிதான் இன்னொருவருடைய தொழிலை வளர்க்கிறது என்று தெரிந்ததும் கொடுத்ததைத் திரும்பப் பெறத் தொடங்கின. டிஸ்னி தன் படங்களை நெட்பிளிக்ஸிலிருந்து விலக்கப்போவதாக 2017 ஆகஸ்டில் அறிவித்தது. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ், ஆப்பிள் டிவி பிளஸ் ஆகிய இரண்டும் வந்தன. 2020இல் எச்பிஓ மேக்ஸும் பீகாக்கும், 2021இல் பாரமவுண்ட் பிளஸும் சேர்ந்துகொண்டன. தளம் சொந்தமாகத் தயாரிக்காத படம் அங்கே வாடகைக்குக் குடியிருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் வேறிடம் போய்விடும். அந்த ஒப்பந்தமும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், ஒரே தளத்தில் உங்கள் நண்பருக்குத் தெரியும் படம் உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

கேள்வி: நான்கு சந்தாக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எதையும் விட மனமில்லை; செலவும் கட்டுப்படியாகவில்லை.

பதில்: எதையும் நிரந்தரமாக விட வேண்டியதில்லை; நான்கையும் ஒரே மாதத்தில் வைத்திருக்க வேண்டியதும் இல்லை. ஓடிடி சந்தாவை நாம் மின்கட்டணம்போல மாதந்தோறும் தவிர்க்க முடியாத செலவாகப் பழகிக்கொண்டோம். பெரும்பாலான தளங்களில் அது ஒரு மாத வாடகை மட்டுமே. இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றிக்கொள்வதற்கு அபராதம் எதுவும் கிடையாது.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு நோட்டில் தளத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பார்க்க விரும்பும் படங்களையும் தொடர்களையும் அந்தந்தப் பக்கத்தில் குறித்து வருகிறேன். ஒரு பக்கத்தில் ஒரு மாதத்துக்குப் போதுமானவை சேர்ந்த பிறகே அந்தத் தளத்துக்குப் பணம் கட்டுகிறேன்; கட்டிய அன்றே ரத்தும் செய்துவிடுகிறேன். பெரும்பாலும் ரத்து செய்தபின்னும் கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம். இலவச முன்னோட்டக் காலம் மட்டும் விதிவிலக்கு: சில இடங்களில் ரத்து செய்த கணமே அது முடிந்துவிடும் என்பதால், நிபந்தனையைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

வாரம் ஓர் அத்தியாயமாக வரும் தொடர்களில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எட்டு அத்தியாயங்கள் கொண்ட தொடரின் முதல் அத்தியாயத்துக்கும் கடைசி அத்தியாயத்துக்கும் இடையே 49 நாட்கள் உள்ளன. முதல் நாளே சந்தா எடுத்தால் இரண்டு மாதக் கட்டணம். கடைசி அத்தியாயம் வந்தபின் எடுத்தால் ஒரு மாதக் கட்டணம், அதிலும் மூன்று வாரங்கள் மிஞ்சும். அதுவரை யாராவது கதையைச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்துக்காக நாம் கொடுக்கும் விலைதான் அந்த இரண்டாவது மாதம்.

கேள்வி: ஆண்டுச் சந்தா எடுத்தால் இரண்டு மாதக் கட்டணம் மிச்சம் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: பத்து மாத விலைக்குப் பன்னிரண்டு மாதம் என்றால், ஆண்டில் பத்து மாதங்களுக்கு மேல் பார்ப்பவருக்கு மட்டுமே அது இலாபம். கடந்த ஆண்டில் எத்தனை மாதங்கள் உண்மையாகவே திறந்து பார்த்தீர்கள் என்பதைத் தளத்தில் உள்ள பார்வை வரலாறே சொல்லும். அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆண்டின் நடுவில் நிபந்தனைகள் மாறுவதும் உண்டு. அமேசான் பிரைம் வீடியோ 2024 ஜனவரியில் அமெரிக்காவில் விளம்பரங்களைப் புகுத்தியபோது, ஆண்டுக் கட்டணம் முன்பே செலுத்தியிருந்தவர்களும் ஒன்று விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அல்லது கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது.

கேள்வி: செயலியை நீக்கிவிட்டேன். இருந்தும் பணம் பிடிக்கிறார்கள்.

பதில்: செயலியை நீக்குவது வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை நின்றுவிட்டது என்று நினைப்பதற்குச் சமம். இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு தளத்துக்கு இப்படியே ஐந்து மாதங்கள் நானும் கட்டியிருக்கிறேன். சந்தாவை எந்த வழியில் எடுத்தீர்களோ அந்த வழியில்தான் நிறுத்த முடியும்: தளத்தின் இணையப் பக்கத்திலா, கைப்பேசியின் ஆப் ஸ்டோர் அல்லது பிளே ஸ்டோர் வழியாகவா, இணைய இணைப்போடு சேர்ந்த தொகுப்பிலா என்று வங்கிக் கணக்கு விவரத்தில் உள்ள பெயரைப் பார்த்தால் தெரியும். ரத்து செய்யும்போது ‘சலுகை விலையில் தொடருங்கள்’, ‘சிறிது காலம் நிறுத்தி வையுங்கள்’ என்று அடுத்தடுத்த பக்கங்கள் வரும்; பெரிய பொத்தான் தொடர்வதற்கும், சிறிய எழுத்து நிறுத்துவதற்கும் இருக்கும். எந்தத் தேதியோடு முடிகிறது என்று உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும்வரை வேலை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: வேறு ஊரில் இருக்கும் தம்பியும் நானும் ஒரே கணக்கைப் பயன்படுத்தினோம். இப்போது தடுக்கிறார்கள்.

பதில்: 2023 மே மாதத்தில் நெட்பிளிக்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது, பிறகு டிஸ்னி பிளஸும் அதே வழியில் சென்றது. ஒரே வீட்டு இணைய இணைப்பில் இயங்கும் கருவிகளையே ஒரு குடும்பமாகக் கணக்கிடுகிறார்கள். கூடுதல் உறுப்பினருக்குக் கட்டணம் செலுத்தும் வசதி சில நாடுகளில் உண்டு. நீங்கள் ஒரு மாதமும் தம்பி அடுத்த மாதமும் தனித்தனியே எடுத்துக்கொள்வது அதைவிட மலிவாக வரக்கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: 4கே திட்டம் தேவையா?

பதில்: கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் பார்ப்பவருக்குத் தேவையில்லை. 4கே தெளிவுக்கு நெட்பிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். முழு எச்டிக்கு 5 போதும். கணினியில் பல உலாவிகள் 4கே தெளிவைத் தருவதே இல்லை என்பதால், உயர்ந்த திட்டத்துக்குக் கட்டிவிட்டுத் தாழ்ந்த தெளிவில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பலர்.

கேள்வி: விளம்பரத்துடன் வரும் மலிவுத் திட்டம் எப்படி?

பதில்: மாதத்துக்கு நான்கைந்து படங்கள் பார்ப்பவருக்குப் போதும். உரிமச் சிக்கலால் சில படங்கள் அதில் பூட்டப்பட்டிருக்கும் என்பதால், நீங்கள் தேடுவது திறக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பிடித்த படத்தை டிஜிட்டலாக விலைக்கு வாங்கிவிட்டால் அது என்றைக்கும் என்னுடையதுதானே?

பதில்: இல்லை. வாங்குவது பார்க்கும் உரிமத்தை மட்டுமே; கடைக்கு அந்தப் படத்தின் உரிமை போனால் உங்கள் பட்டியலிலிருந்தும் அது மறையக்கூடும். திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்றிரண்டு படங்களை ப்ளூரே வட்டில் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வதை நான் இன்னமும் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: நீங்கள் சொல்லும் சுழற்சி முறையை வீட்டில் குழந்தைகள் ஏற்பதில்லை.

பதில்: அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பெரியவர்கள் புதியதைத் தேடுகிறோம். சிறு குழந்தைகள் பார்த்ததையே நாற்பது முறை பார்க்கிறார்கள். ஆகவே அவர்களுடைய தளம் ஒன்றை மட்டும் நிறுத்தாமல் வைத்துவிட்டு, மற்றவற்றைச் சுழற்றுங்கள். அந்த ஒன்றுக்கு ஆண்டுச் சந்தாகூடப் பொருந்தும்.