நீதிபதி மேல் புகார் கொடுக்கலாமா? வடசென்னைக் கேள்விகளுக்கு வக்கீல் பதில்

தண்டையார்பேட்டை வாசகர்: வாடகை வழக்கில் எதிர்த்தரப்புக்கே தீர்ப்பாகிவிட்டது. நீதிபதி மேல் யாரிடம் புகார் கொடுப்பது சார்?

தீர்ப்பு தப்பு என்றால் வழி மேல்முறையீடுதான். கெடு ஓடிக்கொண்டிருக்கும், இன்றைக்கே தீர்ப்பு நகலுக்கு மனுப் போடுங்கள். லஞ்சம் கேட்டார், எதிராளியைத் தனியாகச் சந்தித்தார், சாதியைச் சொல்லித் திட்டினார், இதெல்லாம்தான் புகார்.

காசிமேடு வாசகர்: அப்படித் திட்டியதுதான் சார் நடந்தது. எங்கே எழுதுவது?

கீழ்நீதிமன்றங்கள் அரசியல் சாசனத்தின் 235ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவை. அதனால் பாரிமுனையில் இருக்கும் உயர் நீதிமன்றத்தின் தலைமைப் பதிவாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மொட்டைக் கடிதம் வேண்டவே வேண்டாம். பிரமாணப் பத்திரமும் சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் கட்டாயம் இணைக்க வேண்டும். ‘ரொம்ப மோசமானவர்’ என்று எழுதினால் யாரும் எதையும் விசாரிக்க முடியாது. வழக்கு எண், தேதி, காலையா மாலையா, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, அப்போது பக்கத்தில் நின்றவர் யார், இவ்வளவும் வேண்டும்.

வியாசர்பாடி வாசகர்: கோர்ட் அவமதிப்பு என்று உள்ளே போட்டுவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார்.

அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். 1971ஆம் ஆண்டு அவமதிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. கீழ்நீதிமன்ற நீதிபதி பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்துக்கு எழுதுவது அவமதிப்பு ஆகாது. அதையே வாட்ஸ்அப்பில் பரப்பினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

திருவொற்றியூர் வாசகர்: நீதிபதிக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. சாட்சி சொன்னது மாறிப் பதிவாகிறது. உடல்குறையைப் புகார் செய்வது பாவம் இல்லையா?

குறையைப் பற்றி எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். பார்வையற்றவர்களும் நீதிபதி ஆகலாம் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே குறை இருப்பது தப்பே இல்லை. வாக்குமூலம் தப்பாகப் பதிவாவதுதான் பிரச்சினை, அதில் ஒருவரின் வீடோ விடுதலையோ போகலாம். படித்துப் பார்க்காமல் சாட்சி கையெழுத்துப் போட வேண்டாம். திருத்தம் கேட்டு அன்றைக்கே வக்கீல் மூலம் மனுக் கொடுங்கள். திரும்பத் திரும்ப நடந்தால் அந்த மனுக்களின் நகலோடு உயர் நீதிமன்றத்துக்கு எழுதுங்கள்.

ராயபுரம் வாசகர்: உயர் நீதிமன்ற நீதிபதியே என்றால்?

அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிக்கோ இந்தியத் தலைமை நீதிபதிக்கோ எழுதலாம். மூத்த நீதிபதிகளே விசாரிக்கும் உள்விசாரணை முறை 1999 முதல் இருக்கிறது. பதவி நீக்கம் நாடாளுமன்றத்தின் கையில். மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட்டால்தான் தீர்மானமே தொடங்கும். நம் உயர் நீதிமன்றத்தில் இருந்து உச்ச நீதிமன்றம் வரை போன வி. ராமசாமி மீதான தீர்மானம் 1993இல் மக்களவையில் ஓட்டுப் போதாமல் தோற்றது.

கொருக்குப்பேட்டை வாசகர்: நகல் கொடுக்க ஊழியர் காசு கேட்கிறார்.

காசைக் கொடுப்பதற்கு முன்னாலேயே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள்.